பத்தில் ஒன்று போதாது: ஜிம்மி ஹோகனின் பந்துப் பாடம்

இங்கிலாந்தின் பர்ன்லி கால்பந்து அணிக்கு ஆடிக்கொண்டிருந்த நாட்களில் ஜிம்மி ஹோகன் ஒரு நல்ல வாய்ப்பைக் கோட்டைவிட்டார். தடுப்பாளர்களைத் தாண்டி வந்து அடித்த பந்து கோல் கம்பத்துக்கு மேலே பறந்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் மேலாளர் ஸ்பென் விட்டேக்கரிடம் போய், பந்து ஏன் மேலே போனது, கால் வைத்த இடம் தப்பா, உடம்பின் சமநிலை தவறியதா என்று கேட்டார். அடித்துக்கொண்டே இரு, பத்தில் ஒன்று உள்ளே போனால் நல்லதுதான் என்று மேலாளர் சொல்லி அனுப்பிவிட்டார். மற்ற ஒன்பது ஏன் போகவில்லை என்பதை அந்தக் கிளப்பில் கேட்டவர் ஹோகன் ஒருவர்தான் போலிருக்கிறது.

கேள்விக்குப் பதில் உண்டு. பந்தை அடிக்கும்போது ஊன்றுகால் பந்துக்குப் பின்னால் தங்கிவிட்டால் உடம்பு பின்னால் சாயும். சாய்ந்த உடம்பிலிருந்து வீசப்படும் கால், பந்தின் நடுவுக்குக் கீழே போய்ப் படும். பந்து எழும்பாமல் என்ன செய்யும்? ஊன்றுகாலைப் பந்துக்குப் பக்கத்தில் வைத்து, அடிக்கிற காலின் முழங்கால் பந்துக்கு நேர் மேலே வருமாறு குனிந்து, பாதத்தை நீட்டி, மேல்பாதத்தால் பந்தின் நடுவில் அடித்தால் பந்து தாழப் போகும். இன்று பத்து வயதுப் பையனுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் விஷயம். 1900-களின் தொடக்கத்தில் உலகின் மிகப் பழைய தொழில்முறை லீகில் சம்பளத்துக்கு ஆடிய ஒருவருக்கு இதைச் சொல்லித்தர ஆள் இல்லை.

ஹோகன் 1882 அக்டோபர் 16 அன்று லங்காஷயரின் நெல்சன் நகரில் ஐரிஷ் வழிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மகன் பாதிரியாராக வேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. அதற்காக மான்செஸ்டரில் புனித பீட் கல்லூரிக்கு அனுப்பினார்கள். பையன் பந்தின் பின்னால் போய்விட்டான். நெல்சன், ராச்டேல், பர்ன்லி, ஃபுல்ஹாம், ஸ்விண்டன், போல்டன் என்று கிளப் மாறி மாறி ஆடினார். இடம் இன்சைட் ரைட், அதாவது வலது உள்முன்கள வீரர். திறமையான ஆட்டக்காரர், ஆனால் இங்கிலாந்து அணிக்குத் தேர்வாகும் அளவுக்கு இல்லை. அவர் பெயர் நிலைத்ததற்குக் காரணம் காலை விட அவர் கேட்ட அந்தக் கேள்விதான்.

அன்றைய கிளப்புகளில் ட்ரெய்னர் என்றால் யார்? பெரும்பாலும் பழைய ஆட்டக்காரர் ஒருவர். கையில் ஒரு வாளி, ஒரு ஸ்பாஞ்சு, தசைகளுக்குத் தேய்க்கும் தைலம். அடிபட்டவனுக்குத் தண்ணீர் ஒற்றுவார், கால் பிடித்துவிடுவார், மைதானத்தைச் சுற்றி ஓட வைப்பார். வாரப் பயிற்சி என்பது நீண்ட நடை, மைதானச் சுற்றோட்டம், கொஞ்சம் ஸ்கிப்பிங், சில வேக ஓட்டங்கள். பந்து? அதை வாரம் முழுக்கக் கண்ணில் காட்டக் கூடாது என்பது பல கிளப்புகளில் வேதவாக்கு. வார நாட்களில் பட்டினி போட்டால் சனிக்கிழமை பசியோடு பாய்வார்கள் என்று நம்பினார்கள்.

பசி வேகத்தைத் தரலாம். காலுக்குப் பழக்கத்தைத் தராது. உயரத்திலிருந்து விழும் பந்தை ஒரே தொடுதலில் அடக்குவது ஆயிரம் முறை செய்து படிவது. வாரத்தில் ஒரே ஒரு நாள், ஆட்டத்தின்போது மட்டும், அதுவும் ஒருவர் காலில் சில நிமிடங்களே இருக்கும் பந்தை வைத்துக்கொண்டு அது எப்படிப் படியும்? சுற்றோட்டத்திலும் கோளாறு உண்டு. ஆட்டத்தில் தேவைப்படுவது ஐந்து, பத்து கஜப் பாய்ச்சல், சட்டென நிற்றல், திரும்புதல். ஒரே சீராக ஓடிப் பழகிய உடம்பு ஒரே சீராக ஓடத்தான் தயாராகும்.

ஹோகனும் இதில் மாட்டியவர்தான். வேகம் கூட வேண்டும் என்று தானே ஒரு பயிற்சி சைக்கிளைத் தயாரித்து, ஒரு நாளைக்கு 30 மைல் கணக்கில் மிதித்தார். கெண்டைக்கால் தசைகள் இறுகியதுதான் மிச்சம், வேகம் வரவில்லை. தப்பான உழைப்பு உழைப்பின்மையை விட மோசம் என்பது அதில் தெரிந்துபோனது.

பந்தின் சங்கதியையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவர் கற்பித்ததன் கஷ்டம் புரியாது. தோல் பட்டைகளைத் தைத்து, உள்ளே ரப்பர் பிளாடர் வைத்து, வாயை லேஸ் போட்டு இறுக்கிய பந்து. சுற்றளவு 27 முதல் 28 அங்குலம். ஆட்டத் தொடக்கத்தில் எடை 13 முதல் 15 அவுன்ஸ் இருக்க வேண்டும் என்று விதி. 1937-ல்தான் அதை 14 முதல் 16 ஆக்கினார்கள். தொடக்கத்தில் என்பதுதான் கவனிக்க வேண்டிய சொல். மழையில் தோல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போகும், ஆட்டம் முடிவதற்குள் பந்து கனத்துவிடும். லேஸ் தைத்த பக்கம் நெற்றியில் பட்டால் தோல் கிழியும். பூட்ஸ் கணுக்காலுக்கு மேல் ஏறும் தடித்த தோல். முன்னால் கட்டையான முனை. அடியில் ஆணி அடித்த தோல் ஸ்டட்கள். அந்த முனை பெருவிரலால் குத்தி அடிக்கத்தான் தோது. மேல்பாதத்தாலும் உள்பாதத்தாலும் பந்தைக் கேட்டபடி நடத்த வேண்டுமென்றால் காலுக்குத் தனியாகப் பாடம் எடுத்தாக வேண்டும்.

அந்தப் பாடம் இருக்கும் திசையை ஹோகனுக்குக் காட்டியது ஃபுல்ஹாம். 1905-ல் அங்கே போனபோது மேலாளர் ஹாரி பிராட்ஷா. அவர் ஸ்காட்லாந்திலிருந்து ஆட்டக்காரர்களைக் கூட்டி வந்து, குறுகிய பாஸ்களால் தரையோடு பந்தை நகர்த்தும் ஆட்டத்தை ஊன்றியிருந்தார். ஸ்காட்லாந்துக்காரர்கள் 1870-களிலேயே அப்படி ஆடியவர்கள். இங்கிலாந்துக்காரர்கள் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு தனியாக முட்டி மோதிக்கொண்டிருந்த காலம் அது. ஃபுல்ஹாம் 1906, 1907 இரண்டு ஆண்டும் சதர்ன் லீகை வென்றது. 1908 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் நியூகாசிலிடம் 6-0 என்று சுருண்டது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவோம். தோற்றாலும், ஆட்டத்தை யோசித்து ஆடலாம் என்று ஹோகன் கண்டுகொண்டது அங்கேதான்.

போல்டனுக்குப் போன பிறகு நெதர்லாந்தில் ஒரு சுற்றுப்பயணம். டார்ட்ரெக்ட் அணியை போல்டன் 10-0 என்று நொறுக்கியது. திரும்பி வந்து இவர்களுக்கு ஒழுங்காக ஆடக் கற்றுத்தருவேன் என்று ஹோகன் சொன்னாராம். 1910-ல் அந்தக் கிளப்பில் பயிற்சியாளர் வேலை காலியானதும், 27 வயதில், ஆடுகிற காலம் முடிவதற்குள்ளேயே கிளம்பிவிட்டார். மாணவர்கள் நிறைந்த அணி அது. கேள்வி கேட்கும் பழக்கம் உள்ளவர்கள், சொன்னதைக் குறித்துக்கொள்கிறவர்கள். அவருக்கு வேண்டியதும் அதுதான். அந்த அக்டோபரில் நெதர்லாந்து அணியை ஒரே ஒரு ஆட்டத்துக்குப் பொறுப்பேற்று ஜெர்மனியை 2-1 என்று வென்று காட்டினார்.

இப்படிப் போனவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. செல்டிக்கில் ஆடிய ஜான் மேடன் 1905-ல் ஸ்லாவியா பிராகுக்குப் போய்க் கால் நூற்றாண்டு பயிற்சி அளித்தார். வில்லியம் கார்பட் ஜெனோவாவுக்கு, ஜாக் ரெனால்ட்ஸ் அயாக்ஸுக்கு, ஃபிரெட் பென்ட்லண்ட் ஸ்பெயினுக்கு. எவர்ட்டனின் எட்கர் சாட்விக் நெதர்லாந்து அணியை 1908, 1912 ஒலிம்பிக் இரண்டிலும் வெண்கலத்துக்குக் கொண்டுபோனார். இங்கிலாந்தில் 1901 முதல் ஆட்டக்காரர் சம்பளத்துக்கு வாரம் 4 பவுண்டு என்று உச்சவரம்பு. முப்பது தாண்டினால் அதுவும் இல்லை. வாளி தூக்கும் ட்ரெய்னர் வேலை, அல்லது ஒரு மதுக்கடை. வெளிநாட்டில் ஆசிரியர் மரியாதை கிடைத்தது.

1912-ல் ஆஸ்திரியத் தேசிய அணியின் பொறுப்பாளர் ஹ்யூகோ மைஸல் தன் அணி ஹங்கேரியுடன் 1-1 என்று முடித்ததில் மனம் நொந்து, எங்கே பிழை என்று நடுவர் ஜேம்ஸ் ஹவ்கிராஃப்டைக் கேட்டார். நல்ல பயிற்சியாளர் இல்லாததுதான் குறை என்று சொல்லி ஹோகனைக் கைகாட்டினார் அந்த நடுவர். ஆறு வார ஒப்பந்தம். முதல் நாள் பயிற்சி சொதப்பல். அவர் பேச்சு வீரர்களுக்குப் புரியவில்லை; அதோடு, தேசிய அணிக்கு ஆடுகிற எங்களுக்குப் போய் அரிச்சுவடியா என்று முகம் சுளித்தார்கள். மைஸலுக்கு மட்டும் பிடித்துப்போனது. இரவு வெகு நேரம் இருவரும் ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஆஸ்திரியா ஜெர்மனியை 5-1 என்று வென்று, அடுத்த சுற்றில் சாட்விக்கின் நெதர்லாந்திடம் 3-1 என்று தோற்றது. வெளிநாட்டுப் பந்தயத்தில் இரண்டு பக்கமும் இங்கிலாந்தின் பழைய ஆட்டக்காரர்கள் பயிற்சி தந்த அணிகள்.

அந்த அரிச்சுவடியில் என்ன இருந்தது? முதலில் பந்தை அடக்குதல். வரும் பந்துக்கு எதிரே காலைச் சுவர் போல நிறுத்தினால் பந்து திரும்பி ஓடும், எதிரி எடுத்துக்கொள்வான். பந்து படும் நொடியில் கால் பந்தோடு சேர்ந்து பின்வாங்க வேண்டும். அப்போதுதான் வேகம் சாகும். உயரத்திலிருந்து விழுகிற பந்தில் எல்லோரும் செய்கிற தப்பு, காலை நேரத்துக்கு முன்பே தூக்கிவிடுவது. தூக்கிய கால் இறங்குவதற்குள் பந்து வந்துவிடுகிறது, முட்டித் தெறிக்கிறது. பந்து விழப்போகும் இடத்தைக் கணித்து உடம்பை முதலில் அங்கே கொண்டுபோய், காலைக் கடைசியில் நீட்ட வேண்டும். தொடை, மார்பு, உள்பாதம், வெளிப்பாதம் எல்லாவற்றிலும் இதே சூத்திரம்தான். ஹோகன் இதைப் பேசி விளக்கியதை விடச் செய்து காட்டியதே அதிகம். எழுபது வயதிலும் அவர் காலில் பந்து ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள் பலர்.

அடுத்தது இரண்டு கால். வலது கால் மட்டும் பேசுகிறவனைத் தடுப்பாளர் இடது பக்கம் ஒதுக்கிவிட்டால் ஆட்டம் முடிந்தது. அவன் பந்தைத் தன் நல்ல காலுக்கு மாற்ற ஒரு தொடுதல் கூடுதலாக எடுப்பான். அந்த ஒரு தொடுதலில் இடைவெளி மூடிவிடும். அன்றைய ஆஃப்சைடு விதிப்படி பாஸ் வாங்க முன்னே நிற்பவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேர் இருந்தாக வேண்டும், 1925-ல்தான் அது இரண்டாகக் குறைந்தது. திறந்த இடமே அபூர்வம். பந்து காலில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது உயிர் பிழைக்கும் வழி.

பாஸ் மூன்றாவது. அடக்கு, பார், கொடு என்ற வரிசையைப் பார், அடக்கு, கொடு என்று மாற்றினால் பாதி ஆட்டம் திருந்திவிடும். பந்து வருவதற்கு முன்பே தலை நிமிர்ந்திருக்க வேண்டும். ஆனால் அடக்கும் கலை கைவராதவனால் தலையை நிமிர்த்த முடியாது. அவன் கண் பந்திலேயே கட்டுண்டு கிடக்கும். அதனால்தான் ஹோகன் அரிச்சுவடியைத் தேசிய அணிக்கும் எடுத்தார். அவர் தரைப் பாஸ் வெறியர் என்று ஒரு பேச்சு உண்டு, அது சரியல்ல. நீண்ட பாஸை அவர் ஒதுக்கவில்லை. குறி இல்லாமல் தூக்கி அடிப்பதைத்தான் ஒதுக்கினார்.

1914-ல் போர் மூண்டபோது ஹோகன் குடும்பத்தோடு வியன்னாவில் இருந்தார். பகை நாட்டவர் என்று கைது செய்தார்கள். பிறகு அந்நகரில் கடை வைத்திருந்த பிரிட்டிஷ் சகோதரர்கள் இருவர் பொறுப்பேற்று அவரை வெளியே எடுத்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு டென்னிஸ் கற்றுத்தந்து பிழைத்தார். மனைவியும் குழந்தைகளும் இங்கிலாந்து திரும்பினார்கள். அப்போது புடாபெஸ்டின் எம்.டி.கே. கிளப்போடு தொடர்புடைய பிரபு டிர்ஸ்டாய் தன் செல்வாக்கைப் பயன்படுத்தி அவரை அங்கே வரவழைத்தார். காவல் துறையின் கண்காணிப்பில், போர் நடந்துகொண்டிருக்கும் பகை நாட்டுத் தலைநகரில், பந்துப் பாடம் தொடர்ந்தது.

மூத்த வீரர்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் அணியைப் பையன்களை வைத்துக் கட்ட வேண்டிய நிலை. இதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டேன். தப்புப் பழக்கம் ஊறிய முப்பது வயதுக்காரனைத் திருத்துவதை விட, பழக்கமே இல்லாத பதினாறு வயதுக்காரனைப் பழக்குவது எளிது. ஆங்கோல் பார்க் என்ற பூங்காவில் பந்து விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பள்ளி மாணவர்களை ஹோகன் பிடித்தார்: ஜியார்ஜி ஓர்த், யோசெஃப் பிரவுன். பள்ளி விட்டதும் மைதானத்துக்கு அழைத்துப்போய்க் கற்பித்தார். ஓர்த் பின்னாளில் கோல்கீப்பர் உட்பட எந்த இடத்திலும் ஆடக்கூடியவராக வளர்ந்தார். ஒரு இடத்துக்கு என்று பழக்காமல் பந்துக்குப் பழக்கியதன் பலன் அது. பிரவுன் யூதர். இருபத்தைந்து வயதுவாக்கில் காயங்களால் ஆட்டத்தை விட்டவர், இரண்டாம் உலகப் போரில் கட்டாய உழைப்புக்கு அனுப்பப்பட்டு 1943-ல் இறந்தார்.

எம்.டி.கே. 1916-17 முதல் 1924-25 வரை தொடர்ந்து ஒன்பது முறை சாம்பியன். ஹோகன் போர் முடிந்ததும் கிளம்பிவிட்டார். அவர் இல்லாமலும் வெற்றி தொடர்ந்ததுதான் அவர் வேலையின் தரத்துக்குச் சான்று.

இங்கிலாந்து திரும்பியவருக்குக் கையில் காசில்லை. போரால் நொடித்துப்போன தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு உதவ கால்பந்து சங்கத்திடம் ஒரு நிதி இருந்தது. கடன் வாங்கி லண்டன் போய்ச் செயலாளர் ஃபிரெடரிக் வாலைப் பார்த்தார். கிடைத்தது மூன்று ஜோடி காக்கி சாக்ஸ். போர்முனைப் பையன்கள் இதை வாங்கிச் சந்தோஷப்பட்டார்கள் என்ற சொல்லும் கூடவே வந்தது. எதிரி நாட்டில் பந்து கற்பித்தவன் என்ற கோபம் அந்த சாக்ஸில் இருந்தது. இது ஹோகன் சொல்லிவந்த கதை. அவர் கதை சொல்வதில் கெட்டிக்காரர் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

மறுபடியும் ஐரோப்பா. சுவிட்சர்லாந்தில் யங் பாய்ஸ். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு சுவிஸ் அணியைத் தயாரித்த மூவரில் ஒருவர். அந்த அணி இறுதியாட்டம் வரை போய் உருகுவேயிடம் 3-0 என்று தோற்றது. பிறகு ஜெர்மனியில் ஊர் ஊராகப் பாடம், டிரெஸ்டன் கிளப்பில் பயிற்சி. ஜெர்மன் மொழியில் அவர் உரையாற்றத் தொடங்கி, தப்புத் தப்பாகப் பேசி, சபை சிரித்த கதை பிரபலம். இடைவேளை கேட்டு உள்ளே போனவர் போல்டன் சட்டையோடு வந்தார். பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றினார். வெறுங்காலால் பலகைத் தடுப்பை நோக்கி ஒரு அடி; திரும்பி வந்த பந்தை இடது காலால் இன்னொரு அடி. பலகை பிளந்தது. பந்தை எப்படி அடிப்பது என்ற சொற்பொழிவு அதோடு முடிந்தது. டிரெஸ்டனில் அவர் பார்வையில் வளர்ந்த பையன்களில் ஒருவர் ஹெல்முட் ஷோன். 1974-ல் மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பை வென்றபோது பயிற்சியாளர் அவர்தான்.

1932 டிசம்பர் 7 அன்று ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் மைஸலின் ஆஸ்திரியா இங்கிலாந்திடம் 4-3 என்று தோற்றது. அணியைத் தயார்ப்படுத்த ஹோகன் உடனிருந்தார். ஆட்டத்தைப் பார்த்த ஆங்கிலேயர்களுக்கு வெற்றியை விட எதிரணியின் பந்தாளுகைதான் நினைவில் நின்றது. அந்தப் புகழில் 1934-ல் ஃபுல்ஹாம் அவரை மேலாளராக அழைத்தது.

முழுத் தோல்வி. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி எதற்கு என்று வீரர்கள் முறைத்தார்கள். பருவம் முடிவதற்குள், குடல்வால் அறுவைக்காக மருத்துவமனையில் கிடந்தபோதே, வேலையிலிருந்து நீக்கினார்கள். பொதுவாக இதற்கு ஃபுல்ஹாமைத் திட்டுவது வழக்கம். பாதிப் பழி ஹோகன் மேலும் விழ வேண்டும். வியன்னாவிலும் புடாபெஸ்டிலும் மைஸல் போன்ற ஒருவர் அணியைத் தேர்ந்தார், நிர்வாகத்தைச் சமாளித்தார். ஹோகன் மைதானத்தில் கற்பித்தார். மேலாளர் நாற்காலி வேறு வேலை. அதோடு 1925 ஆஃப்சைடு மாற்றத்துக்குப் பிறகு இங்கிலாந்து நடுக்களத்தின் மையத்தில் ஆடும் சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்து மூன்று பேர் காவல் போட்டிருந்தது. ஹோகனின் மனம் நடுக்களத்தில் நின்று தாக்கும் பழைய சென்டர் ஹாஃபிலேயே இருந்தது. அவர் கைத்திறன் ஆசான். வியூகக்காரர் என்று சொல்ல எனக்குத் தயக்கம்.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் அமெச்சூர் அணியை வெள்ளிவரை கொண்டுபோனார். இதில் ஒரு கறை உண்டு: காலிறுதியில் பெரு 4-2 என்று வென்றும், ரசிகர்கள் களத்தில் புகுந்ததைக் காரணம் காட்டி மறு ஆட்டத்துக்கு உத்தரவானது, பெரு நாடு திரும்பிவிட்டது. அதே நவம்பரில், இரண்டாம் பிரிவுக்கு விழுந்திருந்த ஆஸ்டன் வில்லா அவரைப் பிடித்தது. இங்கே பலித்தது. 1937-38-ல் பிரிவை வென்று மேலேறினார்கள்.

பிறகு 1953 நவம்பர் 25. வெம்ப்லியில் ஹங்கேரி 6, இங்கிலாந்து 3. வில்லாவின் இளைஞர்களுக்குக் கற்பித்துக்கொண்டிருந்த 71 வயது ஹோகன் தன் பையன்களைக் கூட்டிக்கொண்டு அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தார். ஜிம்மி ஹோகன் கற்றுத்தந்த மாதிரிதான் ஆடினோம் என்று ஹங்கேரியின் பயிற்சியாளர் குஸ்தாவ் ஷெபஷ் சொன்னார். இங்கிலாந்து பத்திரிகைகளுக்கு வசதியான வாக்கியம்: தோற்றாலும் நம் ஆளிடம்தான் தோற்றோம்.

அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹங்கேரி அணித் தலைவர் புஷ்காஷ் பிறந்தது 1927-ல். ஹோகன் அவரைத் தொட்டுப் பழக்கியதில்லை. முன்கள நடு வீரரைப் பின்னால் இறக்கி ஆடும் உத்தி மார்ட்டோன் புகோவி எம்.டி.கே.யில் சோதித்துப் பார்த்தது. வெம்ப்லியில் அந்த இடத்தில் ஆடிய ஹிடெகுட்டி அந்தக் கிளப்பின் ஆள். இந்த வியூகத்தில் ஹோகனின் கை இல்லை. அவரிடமிருந்து வந்தது அதற்கும் கீழே இருக்கும் அஸ்திவாரம். அவர் விட்டுப்போன எம்.டி.கே.யைப் பயிற்றுவித்த டோரி கிர்ஷ்னர், அங்கே ஆடிய பேலா குட்மன், பின்னாளில் ஆடிய ஷெபஷ் எல்லோரும் வார நாட்களில் பந்தோடு பழகுவதை இயல்பான வேலையாக எடுத்துக்கொண்ட பட்டறையிலிருந்து வந்தவர்கள். கிர்ஷ்னர் 1937-ல் ரியோவின் ஃபிளமெங்கோவுக்குப் போனார். குட்மன் 1957-ல் சாவோ பாலோவைப் பயிற்றுவித்தார். அடுத்த ஆண்டு பிரேசில் முதல் உலகக் கோப்பையை வென்றது.

ஹோகன் 1974 ஜனவரி 30 அன்று பர்ன்லியில் இறந்தார். ஜெர்மனியின் கால்பந்து சங்கம் அவர் மகனுக்குக் கடிதம் எழுதி, தங்கள் நாட்டில் நவீன ஆட்டத்துக்கு அடித்தளமிட்டவர் என்று அவரைக் குறிப்பிட்டது.